வெண்கட்டியை வைத்த பிறகு: வன்னியில் நடுவயதில் தொழில் மாறும் ஆசிரியர்களுக்கு

ஆசிரியத் தொழிலை விட எண்ணுகிறவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, "சேர், விட்டுப்போட்டு என்ன செய்யலாம்?" என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எப்படி விடுவது என்பதே முதலாவது. எந்தக் கடிதத்தை, எந்த மாதத்தில், எந்தக் கடன்களை முடித்த பின், யார் வழியாக அனுப்புவது என்பதில் ஒருவர் தவறினால், பின்னர் எவ்வளவு நல்ல தொழிலைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தத் தவறுக்கு அவர் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டே இருப்பார். ஆகவே இந்த வழிகாட்டலில் புதிய தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய தொழிலிலிருந்து கழன்று கொள்ளும் முறையைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதப் போகிறேன்.

நான் 1994 இல் நியமனம் பெற்று விஞ்ஞானம் கற்பித்தவன். கிளிநொச்சி மாவட்டத்திலும் முல்லைத்தீவு மாவட்டத்திலுமாகப் பல பாடசாலைகளில் பணியாற்றினேன். இடம்பெயர்ந்த காலங்களில் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் வகுப்பெடுத்தேன். 2022 இல் சம்பளமற்ற விடுமுறையில் வெளியேறி, 2024 இல் 55 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது வட்டக்கச்சியில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை வளர்த்து விற்கிறேன். எனது வருமானம் பெரிதல்ல. ஆனால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்பதை நான் அறிவேன். சம்பளம் வாங்கிய காலத்தில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பதவி விலகுவது வேறு, ஓய்வு பெறுவது வேறு

அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் மனம் வெறுத்த ஒரு நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை, பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுப்பது. எத்தனை ஆண்டு சேவை இருந்தாலும், பதவி விலகுகிறவர் பொதுவாக ஓய்வூதிய உரிமையை இழந்துவிடுகிறார். அதைவிடப் பெரிய பிழை, கடிதமே கொடுக்காமல் பாடசாலைக்குப் போவதை நிறுத்திக்கொள்வது. அப்போது நீங்கள் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுவீர்கள், அந்தக் கோப்பைத் திருத்தி எடுப்பதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும். நிரந்தர நியமனம் பெற்ற ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைப்பதற்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். தாமாக விரும்பி ஓய்வு பெறக்கூடிய வயது 55. உங்களுக்கு வயது 48 என்றால், 55 வரை மீதமிருக்கும் ஏழு ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பதுதான் உண்மையான கணக்கு. வயது 53 என்றால், இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதன் பெறுமதியை வாழ்நாள் ஓய்வூதியத்தோடு பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இடைப்பட்ட வழியாகச் சம்பளமற்ற விடுமுறை இருக்கிறது. 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரச உத்தியோகத்தர்கள் வெளிநாட்டு வேலைக்கோ உள்நாட்டில் வேறு பயனுள்ள தொழிலுக்கோ செல்வதற்கு, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாத வகையில் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. நான் வெளியேறியது அந்த வாசலால்தான். இத்தகைய ஏற்பாடுகள் சுற்றறிக்கையோடு வந்து சுற்றறிக்கையோடு போகின்றவை. ஆகவே ஊரில் யாரோ சொன்னதை நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலிருக்கும் சுற்றறிக்கையின் பிரதியை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே வாசியுங்கள். மாகாணப் பாடசாலை ஆசிரியரின் கோப்பு வடக்கு மாகாணக் கல்வி நிருவாகத்தின் வழியாகவும், தேசிய பாடசாலை ஆசிரியரின் கோப்பு பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சின் வழியாகவும் நகரும். எனது விண்ணப்பம் ஒரு மேசையில் நான்கு மாதம் உறங்கியது. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும், அதைப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் வைத்திருந்தபடியால்தான் அதைத் தட்டி எழுப்ப முடிந்தது.

வன்னி ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2008, 2009 இடப்பெயர்வில் எங்களில் பலர் நியமனக் கடிதம், நிரந்தரமாக்கல் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் இழந்தோம். அலுவலகங்களும் இடம்பெயர்ந்தபடியால், அலுவலகக் கோப்பில் பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையும் பலருக்குப் பொய்த்தது. ஓய்வூதியப் படிவம் நிரப்பும் வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பவரின் நிலை பரிதாபமானது. ஆகவே தொழில் மாறும் எண்ணம் உதித்த மாதத்திலேயே உங்கள் தனிநபர் கோப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். சேவைக் காலம் எங்காவது துண்டிக்கப்பட்டுத் தெரிகிறதா, சம்பள ஏற்றங்கள் ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளனவா, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு தொடர்ந்து இருந்திருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் மீளப் பெறலாம். கிடைக்கவே கிடைக்காத ஆவணத்துக்கு அக்கால அதிபரின் உறுதிக் கடிதம், சம்பவத் திரட்டுப் புத்தகத்தின் பதிவு, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். அக்கால அதிபர்கள் பலருக்கு இப்போது எண்பது வயதாகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்பதைப் பிற்போடாதீர்கள்.

அடுத்தது சம்பளச் சீட்டின் வலப்பக்கம். இடர்க் கடன், வங்கிக் கடன், திருவிழா முற்பணம், சிக்கனக் கடனுதவுச் சங்கக் கழிவு, அக்ரஹார காப்புறுதி என்று அங்கே இருப்பவை எல்லாம் சம்பளம் நின்ற மறுமாதம் உங்கள் கையிலிருந்து போக வேண்டியவை. சில முழுத் தொகையாகவே கேட்கப்படும். நீங்கள் பிணை நின்ற சக ஆசிரியர்களின் கடன்களையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். எங்கள் ஆசிரியர் அறைகளில் பிணைக் கையொப்பம் தேநீர்க் கோப்பையைப் போலக் கை மாறுவது. நான் யார் யாருக்கு வைத்தேன் என்று நினைவுபடுத்தவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

தொண்டர் ஆசிரியர்களாகவும் முன்பள்ளி ஆசிரியர்களாகவும் பல ஆண்டு உழைத்து, நிரந்தர நியமனம் கிடைக்காமல் வெளியேறுகிறவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. இழப்பதற்கு ஓய்வூதியம் இல்லாதபடியால் அவர்கள் விரைவாக நகரலாம். ஆனால் அவர்களுக்கும் ஒரு தாள் தேவை: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடம் கற்பித்தார் என்று பாடசாலையின் இலச்சினையோடு அதிபர் ஒப்பமிட்ட கடிதம். அது இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளை நிரூபிக்க எதுவும் இராது.

களைப்பு எதிலிருந்து வருகிறது

யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாலை பஸ்ஸில் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ பிடித்து ஒட்டுசுட்டான் பக்கமோ மல்லாவிப் பக்கமோ போய்க் கற்பித்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பும் ஓர் ஆசிரியை, "எனக்கு இந்தத் தொழில் வெறுத்துவிட்டது" என்று சொன்னால், அவருக்கு வெறுத்திருப்பது ஏ9 வீதியாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது இடமாற்றம். இன்னொருவருக்கு அதிபருடன் பிணக்கு. இன்னொருவருக்கு நிருவாகப் படிவங்கள். இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: கதவை மூடிய பின், பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் இடையில் நடக்கும் அந்த நாற்பது நிமிடமும் உங்களுக்குப் பாரமாக இருக்கிறதா? பாரமில்லை என்றால் நீங்கள் விட வேண்டியது வேறெதையோ. எனக்கு இறுதி மூன்று ஆண்டுகளில் அந்த நாற்பது நிமிடமே பாரமாயிற்று. ஒளித்தொகுப்பைப் பற்றி இருபத்தைந்தாவது தடவை சொல்லும்போது எனது குரலை நானே கேட்கத் தொடங்கியிருந்தேன்.

கையில் இருப்பதை வெளியார் மொழியில் சொல்லுதல்

ஆசிரியர் எழுதும் சுயவிபரக் கோவையைப் பாடசாலைக்கு வெளியே உள்ள எவரும் வாசித்துப் பயன் காண்பதில்லை. "தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞான பாடம் கற்பித்தேன், விளையாட்டுப் போட்டிக் குழுவில் இருந்தேன், ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தேன்" என்பது எங்களுக்குள் விளங்கும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொது முகாமையாளருக்கு அதனால் என்ன விளங்கும்? அதே ஆளைப் பற்றி இப்படி எழுதலாம்: "ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று மாத வேலைத்திட்டம் தயாரித்து, நன்கொடைகளைச் சேகரித்து, பற்றுச்சீட்டுகளுடன் கணக்கு ஒப்படைத்து, முப்பது ஆசிரியர்களுக்கும் நானூறு பிள்ளைகளுக்கும் வேலை பிரித்துக் கொடுத்து, குறித்த நாளில் நடத்தி முடித்திருக்கிறேன்." இரண்டும் உண்மை. ஆனால் வேலை தருகிறவருக்குத் தேவையானது இரண்டாவதில்தான் இருக்கிறது. பெற்றோரைச் சமாளித்தது, ஆய்வுகூடப் பொருட்பதிவேட்டை ஆண்டிறுதியில் ஒப்புநோக்கியது, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஒரு விடயத்தை நான்கு விதமாக விளங்கப்படுத்தியது என்று நீங்கள் பெருமையாக நினைக்காத வேலைகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். சான்றிதழ்களை விட அந்தக் கொப்பியிலிருந்துதான் நல்ல சுயவிபரம் பிறக்கும்.

கைத்திறன் உள்ளவர்கள் அதைத் தாளில் ஏற்றிக்கொள்ளலாம். நமது நாட்டின் தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது; ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்து பழகியவர் முழுப் பயிற்சிநெறியையும் மீண்டும் பின்பற்றாமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி அந்தத் தகைமையைப் பெறலாம். தையலோ மின்னிணைப்போ சமையலோ இருபது வருடமாக விடுமுறை நாட்களில் செய்து வந்தவருக்கு இது பெரிய வாசல். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும், அருகிலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. 2021 இலிருந்து வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. வன்னியில் எதையாவது கற்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ தான் போக வேண்டும் என்ற காலம் கழிந்துவிட்டது.

எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன

தனியார் வகுப்பு முதலில் கண்ணில் படும். நேர்மையாகச் சொன்னால் அது தொழில் மாற்றமல்ல. அதே நாற்பது நிமிடம், சம்பளச் சீட்டு இல்லாமல். முதல் ஆண்டில் வீட்டுச் செலவைத் தாங்கும் முட்டுக்கம்பாக வாரத்தில் இரண்டு வகுப்பு வைத்திருப்பதில் தவறில்லை. ஐந்து வகுப்பானால் புதிய தொழிலுக்கு மாலை நேரம் மிஞ்சாது.

நிறுவன வேலை என்று ஊரில் நாம் சொல்லும் அரச சார்பற்ற அமைப்புகளின் வேலை ஆசிரியர்களுக்கு நன்கு பொருந்தும்: கூட்டம் நடத்தவும், அறிக்கை எழுதவும், ஊராரோடு பேசவும் தெரிந்தவர்கள் அங்கே தேவை. ஆனால் போர் முடிந்த பின்வந்த ஆண்டுகளில் கிளிநொச்சியில் தெருவுக்குத் தெரு தொங்கிய பெயர்ப்பலகைகளில் எத்தனை இன்று இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே அந்த வேலையின் இயல்பு விளங்கும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளும் வன்னியில் பல நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன; கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின்படி அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்குள்ள காலக்கெடு 2028 ஆகையால், அதையும் ஓர் இடைக்கால வேலையாகவே கணக்கிட வேண்டும். எந்தத் தனியார் வேலையானாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து 3 வீதமும் செலுத்தப்படுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அரச சேவையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி நாவில் வருவதில்லை; கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சிங்களம் எழுதத் தெரிந்த தமிழாசிரியர், குறிப்பாக வவுனியாப் பக்கத்தில், மொழிபெயர்ப்பைத் தீவிரமாக யோசிக்கலாம். தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகளாக இருந்தும் சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விளங்கப்படுத்த ஆள் தேடித் திரிகிறவர்களை எந்தப் பிரதேச செயலக வாசலிலும் காணலாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றவருக்கு நாற்பத்தைந்து வயதும் ஒரு தகுதியே. உளவளத்துணையும் அவ்வாறானது, தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் அதற்கு டிப்ளோமா நெறி நடத்துகிறது, வன்னியில் அதற்கான தேவையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தன் காயம் ஆறாதவர் அந்தப் பக்கம் அவசரப்பட்டுப் போகக் கூடாது என்பது எனது அபிப்பிராயம். கொமினிகேசன் என்று நாம் சொல்லும், போட்டோப் பிரதியும் கொப்பி பேனையும் விற்கும் கடையைத் திறப்பது ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வழக்கமான கனவு. பாடசாலை வாசலில் ஏற்கெனவே அப்படி இரண்டு கடை இருந்தால் மூன்றாவதைத் திறக்காதீர்கள்.

மீதியிருப்பது மண்ணும் கடலும். பூநகரியின் மொட்டைக்கறுப்பன் அரிசி, பனங்கட்டி, புழுக்கொடியல், முல்லைத்தீவுக் கரையின் கருவாடு, கச்சான், பால், தேன் என்று விலைப்படுத்தத் தக்கவை இங்கே நிறைய உண்டு. அவற்றில் விளைவிக்கிறவராக இறங்குவதை விட, துப்புரவாக்கி, நிறுத்து, பொதி செய்து, பெயரிட்டு விற்பவராக இறங்குவது நடுவயதுக்காரரின் முதுகுக்கு ஏற்றது. உணவுப் பொருளானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும், பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவும் தேவைப்படும். மூன்றுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்து விடுங்கள்.

ஒரு போகம் பரீட்சை

எதைத் தேர்ந்தாலும், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு முழுப் போகத்துக்கு அதைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். வன்னியில் ஆண்டு என்பது காலபோகமும் சிறுபோகமும். மாரி மழையில் நன்றாக நடந்த தொழில் ஆடி வெயிலில் படுத்துவிடும், அறுவடை முடிந்த மாசி பங்குனியில் நிறையும் கல்லாப்பெட்டி ஐப்பசியில் வெறுமையாகும். மூன்று மாத அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆண்டைக் கணக்கிடக் கூடாது. அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபனக் கோவையின்படி அரச உத்தியோகத்தர் வேறு தொழில் செய்வதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், எழுத்தில் அனுமதி பெறுங்கள். அல்லது வாழ்க்கைத்துணை நடத்தும் தொழிலுக்கு நீங்கள் கைகொடுப்பதாக இருக்கட்டும், அது உண்மையாகவும் இருக்கட்டும். எங்கள் நாற்றுமேடை எனது மனைவியின் பெயரில், அவருடைய கையால்தான் தொடங்கியது.

2018 கார்த்திகையில் வாய்க்காலோரப் பள்ளக் காணியில், நிழல் வலையின் கீழ், அறுபது நாற்றுத் தட்டுகளை வரிசையாக நிலத்திலேயே வைத்தோம். தண்ணீர் அள்ளக் கிட்டே இருந்தது என்பதுதான் அந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம். டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. விடிந்தபோது எங்கள் காணியில் முழங்காலளவு நீர். தட்டுகள் மிதந்து சென்று அயல் வேலியில் அடுக்காகச் செருகி நின்றன. ஒரு தட்டில் மட்டும் கத்தரி நாற்றுகள் ஒன்றும் நடவாதது போல நிமிர்ந்து நின்றன. தும்புத்தூள், விதை, ஒரு மாத உழைப்பு எல்லாம் போயின. ஆனால் அடுத்த மாதம் சம்பளம் வந்தது. நான் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தால், அந்த ஒரு மழையோடு இந்தத் தொழில் முடிந்து, நான் கடனாளியாக ஏதாவதொரு வகுப்பறையின் கதவைத் தட்டியிருப்பேன். தைப்பொங்கலுக்குப் பின் காணியின் மேட்டுப்பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் பனஞ்சிலாகை அடித்து மேடை கட்டி, மீண்டும் தொடங்கினோம். அந்த மேடை குனியும் வேலையையும் மிச்சப்படுத்தியது. அதற்காக வெள்ளத்துக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் பெருந்தன்மையானவனல்ல.

பரீட்சைக் காலத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது இலாபத்தை விட அடக்க விலையை. 2019 இல் ஒரு மிளகாய் நாற்றை 3 ரூபாவுக்கு விற்றேன். விதை ஒன்று 1 ரூபா 50 சதம், தும்புத்தூளும் பசளையும் சேர்ந்து 1 ரூபாவுக்குள் முடியும், 50 சதம் இலாபம் என்பது எனது கணக்கு. 100 விதை இட்டால் 80 நாற்றுதான் விலைக்குப் போகும் என்பதை நான் சேர்க்கவில்லை. அப்படியானால் விற்கும் நாற்று ஒன்றின் விதைச் செலவே 1 ரூபா 88 சதம். தட்டுகளின் தேய்மானம், மோட்டார் சைக்கிளின் பெற்றோல், இறைக்கும் மின்சாரம், தண்ணீர் விடும் பிள்ளைக்குக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்துப் பின்னர் பார்த்தபோது ஒரு நாற்றின் அடக்க விலை 4 ரூபா 20 சதம். அந்தப் போகத்தில் 6,000 நாற்று விற்று, எல்லோரும் பாராட்ட, 7,200 ரூபா நட்டப்பட்டிருந்தேன். வீதக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பணம்

பணிக்கொடையை முதலாக நம்ப வேண்டாம். ஓய்வு பெறும்போது, குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை பணிக்கொடையாகக் கிடைக்கும் என்பது சரி. ஆனால் 2022, 2023 ஆண்டுகளில் ஓய்வு பெற்ற பலருக்கு அது மிகவும் பிந்தியே கைக்கு வந்தது. வந்த பின்னரும் அதில் மகளின் கல்யாணம், வீட்டுக் கூரை, உறவினரின் வெளிநாட்டுப் பயணம் என்று உரிமை கோருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். தொழிலுக்கான தொகையை வேறாக, வேறு வங்கிக் கணக்கில், இரண்டு மூன்று வருடச் சேமிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு வருட வீட்டுச் செலவு தொடாமல் இருக்க வேண்டும்.

கடன் எடுத்தே ஆக வேண்டுமானால் கூட்டுறவு அல்லது அரச வங்கி. வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதைப் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டிலேயே நாம் கண்டோம். அறவீட்டு நாளில் தாயும் பிள்ளையும் வீட்டில் இருக்க மாட்டார்கள். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அத்தகைய கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. தொழிலின் வருமானம் போகத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால், தவணையும் போகத்துக்கு ஒருமுறை இருக்க வேண்டும்.

விலை சொல்லப் பழகுதல்

ஆசிரியருக்கு வியாபாரத்தில் மிகக் கடினமான பாடம் இது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்றாலும் சேர் சேர்தான், ரீச்சர் ரீச்சர்தான். அந்தப் பெயரை நம்பித்தான் சனம் உங்களிடம் வரும். அதே பெயரால்தான் உங்களுக்குக் காசு கேட்க வாய் வராது. ஒரு நாள் பழைய மாணவன் ஒருவனின் தகப்பன் வந்து 200 நாற்று எடுத்தார். அப்போது நாற்று 5 ரூபா. "எவ்வளவு சேர்?" என்று கேட்டார். "பார்த்துத் தாங்கோ" என்றேன். அவர் 500 ரூபாத் தாளை இரண்டு கையாலும் மரியாதையோடு நீட்டினார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு விலை தெரியாது, நான் சொல்லவில்லை. முறிகண்டியில் பஸ் நின்றதும் கச்சான் பொதியோடு யன்னலுக்கு வருகிற பெண்களைப் பாருங்கள். விலையைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்புவதில்லை. நான் அவர்களிடம் கற்றேன் என்றே சொல்லலாம். மறுநாளே ஒரு பலகையில் வெண்கட்டியால் ஒவ்வொரு நாற்றின் விலையையும் எழுதித் தொங்கவிட்டேன். என்னால் சொல்ல முடியாததைப் பலகை சொன்னது.

"வெட்டினாப் பிறகு தாறன் சேர்" என்பது கமக்காரரின் வழக்கம், அதை முற்றாக மறுத்தால் இங்கே தொழில் செய்ய முடியாது. பாதிக் காசு கையில், பாதி அறுவடைக்குப் பின் என்று ஒரு விதி வைத்து, கொப்பியில் திகதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் கேட்பது முதல் தடவை கூச்சமாக இருக்கும். பலருடைய கையெழுத்தை ஆறாம் வகுப்பிலேயே திருத்தியவர் நீங்கள். அந்த உரிமையில் கேளுங்கள்.

கடைசியாக, மாணவராக இருக்கப் பழக வேண்டும். புதிய தொழிலில் உங்களுக்குச் சொல்லித் தருகிறவர் பெரும்பாலும் உங்களை விட இருபது வயது இளையவராக இருப்பார். எங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் நான் ஒன்பதாம் வகுப்பில் கற்பித்த பிள்ளை. நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துகொண்டிருந்த ஒரு மாதத்தில் அவள் வந்து, தட்டுகளைப் பார்த்து, தும்புத்தூளை விரலால் பிசைந்து பார்த்து, சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "சேர், பின்னேரத்தில தண்ணி விடாதேங்கோ. ஈரத்தோட இரவு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காலமை விடுங்கோ." பூஞ்சணம் எந்த நிலைமைகளில் வளரும் என்பதை அவளுக்கே நான் படிப்பித்திருக்கிறேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. கொப்பியை எடுத்து, அவள் சொன்னதை எழுதி, எத்தனை மணிக்கு, ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். இப்போது காலை ஆறரைக்குத் தண்ணீர் விட்டு முடிப்பேன். பாடசாலை மணி அடிக்கும்போது நான் விதைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.